அண்ணி கடித்த துண்டு

பிப்ரவரி 11, செவ்வாய்

ஓட்டல் மேனேஜருக்கு என் படங்கள் பிடிக்கவில்லை. அப்படி நேராகச் சொல்லவில்லை. "எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா பாத்தா பசிக்க மாட்டேங்குது" என்றார். தட்டு இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, ஆவி கூடப் பறக்கிறது, ஆள்தான் இல்லையாம். புது ஓட்டல் திறக்கும்போது வாசலில் பெரிதாக வைக்க, ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிற படம் வேண்டுமாம்.

இத்தனை வருஷம் தட்டுகளை மட்டும் படம் எடுத்துக் காலம் தள்ளிவிட்டேன். தட்டு கண்ணைச் சிமிட்டாது. நேரமாச்சு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. மனிதர்களை எடுத்துப் பழக்கமே இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டு ஆட்களையே உட்கார வைத்துவிடலாம் என்று பிரஷ் யோசனை சொன்னாள். என்னோடு வேலை செய்கிறவள். சாப்பாட்டுக்கு அலங்காரம் செய்வது அவள் பாடு. காதுக்கு மேல் எந்நேரமும் ஒரு பிரஷ் செருகியிருப்பதால் அந்தப் பெயர்.

அம்மா உடனே ஒப்புக்கொண்டாள், எந்தப் புடவை என்பதுதான் அவள் கவலை. அண்ணன்தான் இழுத்தான். அண்ணிக்கு ஏழாம் மாசம். இதற்கு முன் இரண்டு தடவை கைகூடாமல் போனது, அதனால் இந்தத் தடவை அவளைத் தும்மக்கூட விடுவதில்லை. கடைசியில் அண்ணியே, வீட்டில் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, போய் வரலாம் என்று அவனைச் சரிக்கட்டினாள்.

பிப்ரவரி 15, சனி

முடிந்தது. இடுப்பு கழன்றுவிட்டது.

நடுவில் முழுக் கோழி, ஆளுக்கொரு கோழித்துண்டு, சுற்றிலும் ரொட்டி, காய்கறி, பழச்சாறு. கோழி வெறும் வேஷம். முழுதாக வெந்தால் தோல் சுருங்கி, படத்தில் கிழடு தட்டித் தெரியும். அதனால் பிரஷ் மேல்தோலை மட்டும் தீயில் காட்டி, மசாலா நிறத்தைத் தீட்டி, எண்ணெய் பூசி வைப்பாள். உள்ளே பச்சை. இதை வாய் வரைக்கும் கொண்டு போனால் போதும் என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன்.

அம்மா கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தாள், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது போல. அண்ணன் கோழியை ஏதோ வெடிகுண்டு மாதிரி தூக்கினான். சிரித்து ஓய்ந்து, விளக்கை மாற்றி, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பொறுமை போய், "இன்னும் கொஞ்சம் நிஜமா" என்று கத்தினேன்.

அப்போதுதான் அந்தப் படம் கிடைத்தது. கையில் கோழித்துண்டோடு அண்ணி தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். கண் பாதி மூடியிருக்கிறது. இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

அண்ணிக்குக் காய்ச்சலாம். வயிறும் சரியில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இப்போது சுற்றுகிற காய்ச்சல்தான், நிறைய நீராகாரம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

படங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

அந்தச் சிரிப்புக்கு முந்தைய படத்தில் அண்ணி கையில் இருக்கிற துண்டு முழுசாக இருக்கிறது. சிரிக்கிற படத்தில் ஓரத்தில் ஒரு கடி. பெரிதாக்கிப் பார்த்தேன். பல் பட்ட இடம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. அடுத்த படத்தில் தொண்டை மேலேறி நிற்கிறது.

விழுங்கியிருக்கிறாள்.

கோழி வேகவில்லை என்று அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னேன், அது நிச்சயம். அண்ணி அப்போது எங்கே இருந்தாள்? உள் அறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தாளா? அவள் காதில் விழுந்ததா? எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல.

பிரஷ்ஷைக் கூப்பிட்டேன். அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு வாய்தானே, காய்ச்சல் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது, நீயே போய் ஏன் தலையைக் கொடுக்கிறாய் என்றாள். அவள் குரலிலும் பயம். அதைக் கேட்டதும் என் பயம் இரண்டு பங்காகிவிட்டது.

பச்சைக் கோழி சாப்பிட்டால் என்ன ஆகும் என்று போனில் தேடினேன். கர்ப்பிணிகள் என்று தொடங்கிய பத்தியைப் பாதியில் மூடிவிட்டேன்.

அண்ணன் எண்ணை எடுத்து எடுத்து வைக்கிறேன். என்னன்னு சொல்றது? உன் பொண்டாட்டிக்கு நான்தான் விஷம் வச்சேன்னா? நாளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. இறங்கிடும். இறங்கிடணும்.

பிப்ரவரி 19, புதன்

இறங்கவில்லை. விடிந்ததும் அம்மா அழைத்தாள். அண்ணிக்கு வயிறு இறுக்கிப் பிடிக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்றாள்.

ஆட்டோவில் போகும்போது வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கொலைக் குற்றம் மாதிரியே கேட்டது.

வராந்தாவில் அண்ணன் டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். தனியாகப் பேசலாமா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். அவன் திரும்பி, "வந்துட்டியா" என்றான், நான் வந்ததே ஒரு பலம் மாதிரி. அதற்கு மேல் மறைக்க வாய் வரவில்லை. அவன் எதிரிலேயே சொன்னேன்.

"சனிக்கிழமை அண்ணி வேகாத கோழியக் கடிச்சு முழுங்கிட்டாங்க. என் ஷூட்டிங்ல. நேத்துதான் படத்துல பாத்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. எவ்வளவு பச்சை, எத்தனை மணிக்கு, வேறு யார் சாப்பிட்டார்கள் என்று வரிசையாகக் கேட்டார். உள்ளே போய் நர்ஸிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார், மருந்தை மாற்றச் சொன்னார். கதவு ஆடி நின்றது.

நானும் அண்ணனும் மட்டும். சுவரில் சாய்ந்துகொண்டான். என்னைப் பார்க்காமலேயே கேட்டான்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"வீட்டுக்குப் போ."

சத்தம் போட்டிருந்தால் நின்றிருப்பேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மா போனை எடுக்கவில்லை. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

பிப்ரவரி 21, வெள்ளி

அம்மா பேசினாள். ரத்தத்தில் கிருமி இருந்ததாம், இந்த மாதிரிக் கோழியிலிருந்து வருகிறதுதானாம். புது மருந்து கேட்கிறது, காய்ச்சல் குறைகிறது. வயிற்றுப் பிடிப்பும் நின்றிருக்கிறது. குழந்தையின் துடிப்பு இருக்கிறது. ஆனால் இன்னும் சில நாள் போனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார்களாம்.

நான் வரட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேணாம்மா" என்றாள். அவளாகச் சொன்னதா, பக்கத்தில் நிற்கிறவனுக்காகச் சொன்னதா என்று கேட்கத் தைரியம் இல்லை.

புதன்கிழமையாவது சொன்னாளே பாவி என்று அவன் ஒருநாள் நினைப்பானா? அதற்கு முந்தின நாளே சொல்லவில்லையே என்றுதான் நினைப்பான். நானே அப்படித்தான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பிரஷ் மாதிரிக்கு அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு மேனேஜர் அழைத்தார். அண்ணி படத்தைத்தான் கேட்கிறார். அந்த அம்மா முகத்தில் என்ன ஒரு திருப்தி, இதைத்தான் நான் சொன்னேன் என்றார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று காரணத்தோடு சொன்னேன். "வெளிய யாருக்கும் தெரியாதில்ல?" என்றார்.

படத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வேலை அதோடு போனது. ஒரு மனுஷி நோயை விழுங்குகிற முகத்தை வாசலில் மாட்டி, வாங்க சாப்பிடலாம்னு கூப்பிடுறதா?

மார்ச் 2, ஞாயிறு

அண்ணியே கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அண்ணன் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பேசுகிறாள் என்று புரிந்தது.

நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்ததும் தடுத்துவிட்டாள். கோழி வேகவில்லை என்று அவளுக்குத் தெரியாதாம். கடித்ததும் ருசி ஒரு மாதிரி இருந்ததாம். எல்லோரும் களைத்துப் போயிருக்கிறார்கள், துப்பினால் நல்ல படம் கெட்டுவிடும் என்று விழுங்கினாளாம்.

"ஏன் அண்ணி கடிச்சீங்க? சும்மா வாய்கிட்ட கொண்டுபோனா போதாதா?"

"பசிச்சுதும்மா. காலைல இருந்து சாப்பாட்டுக்கு முன்னாடியே உக்காந்திருந்தேன்."



மார்ச் 13, வியாழன்

ரொட்டிக்கடை ஒன்றுக்கு வேலை. அவர்களும் ஆள் வேண்டும் என்றார்கள். ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஒப்புக்கொண்டேன்.

வந்தவர்களை முதலில் சாப்பிட வைத்தேன். மேஜையில் இருந்த எல்லாமே தின்னக்கூடியவை, எல்லாவற்றிலும் நான் ஒரு வாய் தின்று பார்த்தேன். இப்படி வைத்தால் பளபளப்பே வராது என்று பிரஷ் முணுமுணுத்தாள். ஆனால் தயங்கித் தயங்கி அவளும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாராவது மெல்லும்போதெல்லாம் கேமராவை விட்டுவிட்டு அவர்கள் வாயையே பார்த்தேன். பாதிப் படங்கள் கலங்கிவிட்டன.

ஏப்ரல் 17, வியாழன்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணி வரச் சொல்லியிருந்தாள். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, வா என்று மட்டும் சொன்னாள். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் போட்டு விழுந்து அங்கேயும் ஒரு கூத்தாகிவிடும் என்று, புறப்படும் முன்பே நன்றாகச் சாப்பிட்டுவிட்டேன். கேமராவை எடுத்துப் போகவில்லை.

அண்ணன்தான் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றேன். குழந்தையின் உள்ளங்கால் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொடவில்லை.

அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"சாப்டியா?"

"இல்ல" என்றேன்.