சின்னவளின் படிப்பு, உன் கடன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ண மறுக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசி வரை படி.

உன் தங்கைக்கு நீ படித்த கல்லூரியிலேயே மெக்கட்ரானிக்ஸ் படிக்க இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். கடன் வாங்கிப் படிக்கிறேன், அக்காவே நாலு வருஷத்துல அடைச்சுட்டாளே என்று ஒற்றைக்காலில் நின்றாள். நானும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த அம்மா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க ஏற்கெனவே ஒரு படிப்புக் கடனுக்கு ஜாமீன் நிக்கிறீங்க, அதுல இன்னும் ஆறு வருஷத் தவணை பாக்கி இருக்கு, அடுத்ததுக்கு வீட்டைத்தான் அடமானம் வைக்கணும்" என்றார். அது வேறு யாருடையதாவது இருக்கும் என்றேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், உன் பேர்தான். உன் அம்மா இறந்து நீ வந்திருந்தபோது, "கடன் முடிஞ்சிடுச்சுப்பா, இனிமே அந்தக் கவலை வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே. என்னைத் தேற்றச் சொன்ன பொய் என்று இப்போது புரிகிறது. கோபமில்லை. சம்பளத்தில் பாதியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்திலும் எனக்கு மாதாமாதம் அனுப்பியிருக்கிறாய். அந்தப் பணத்தில் நான் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டேன். இப்போது அதில் கால் வைக்கவே கூசுகிறது.

கல்லூரிக்காரர்கள் கொடுத்த புத்தகத்தில், படித்து முடித்தவர்களின் சராசரி சம்பளம் என்று ஒரு பெரிய தொகை போட்டிருக்கிறது. நான் முப்பத்தொரு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். உள்ளே தகட்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கும், அது சராசரி ஆளுக்குப் போட்ட கணக்கு, ஆறு பேர் ஏறியதுமே எடை கூடி மணி அடித்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால் உன்னோடு படித்த சுருட்டையைத் தேடிப் போனேன், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். "எங்க வகுப்புல ரெண்டு பேர் வாங்குற சம்பளம்தான் அங்கிள் அந்த சராசரிய தூக்கி நிறுத்துது, மத்தவங்க எல்லாம் வட்டிக்குத்தான் உழைக்கிறோம்" என்றான். பொட்டலம் கட்டும் இயந்திரம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பட்டம் கைக்கு வர ஐந்து வருஷம் ஆகும், ஆனால் கட்டணம் அவர்களே கட்டி மாதம் கொஞ்சம் கையிலும் தருவார்கள் என்று அவன்தான் சொன்னான். ஆனால் அது ரயிலில் ஒரு நாள் தூரம்.

உன்னிடம் மறைப்பானேன். வெளியூர்க் கல்லூரி வேண்டாம் என்று நான் நினைத்தது கடனுக்குப் பயந்தா, இவளும் போய்விட்டால் வீட்டில் நான் ஒருத்தன்தானே என்று பயந்தா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இங்கேயே ஏதாவது வகுப்பில் சேர்ந்துவிடுவாள் என்று உள்ளூர ஓர் ஆசை. தொழிற்சாலை விஷயத்தை இரண்டு நாள் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை, உன் கடனையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அக்கா ஏன்ப்பா எங்கிட்டகூட சொல்லல" என்று அழுதாள். அப்புறம் முகம் கழுவிவிட்டு வந்து, அந்தப் புத்தகத்தின் பின் அட்டையிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தாள். தொழிற்சாலைக்கே போகிறேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தனியா இருப்பீங்களேப்பா" என்றாள். "உன் கணக்குல என்னைச் சேர்க்காதம்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது.

அங்கே சேர்த்துக்கொண்டார்கள், போன திங்கட்கிழமை அவளை ரயிலேற்றிவிட்டேன். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாத்ரூம் கதவைத் தட்டி, சீக்கிரம் வா என்றேன், உள்ளே யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிட மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறக்கிறவரை பயப்படாதீங்க என்று பேசிக்கொண்டே இருக்கலாம் அல்லவா. பாவம், அடுத்தவர் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன் பார்.

இனி எனக்குப் பணம் அனுப்பாதே, என் சம்பளம் எனக்குப் போதும். அதையும் தவணையோடு சேர்த்துக் கட்டினால் ஆறு வருஷம் நாலாகக் குறையும் என்று பேங்க் அம்மா சொன்னார். ஆனால் முதல் மூன்று மாதப் பணத்தைக் கட்டாமல் இங்கே வர டிக்கெட் எடு. இரண்டு வருஷமாக லீவு கிடைக்கவில்லை என்கிறாய், கடனை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நீ இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் நாலு வருஷம் என்பது உனக்கு வெறும் தவணை, என் வயசுக்கு அது வேறு கணக்கு.

தங்கையோடு வாரம் ஒரு தடவையாவது பேசு, திட்டாமல் பேசு. நீங்கள் இரண்டு பேரும் எந்த ஊரில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதுதான் இந்த அப்பாவின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடனோடயே வாம்மா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா