தேன் நிறத்து அறை

1953 ஜூன் 9, குலசேகரம்
மழை விடவில்லை. ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரை ஒழுகுகிறது என்று ரப்பர் ஷீட்டுகளை எங்கள் அறைக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்னால் விளக்கை வைத்தால் அறை முழுக்கத் தேன் நிறம். கலியாணமாகி வந்த இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். சரி, அவரையும் சேர்த்து இரண்டு.

ஜூன் 21
ஷீட்டெல்லாம் பூசணம். வெள்ளையாக, பூனைமயிர் மாதிரி. மாமியாரும் நானும் தேங்காய்த் தும்பால் தேய்த்துத் துடைத்தோம். சாயங்காலமே எனக்கு மூச்சிழுப்பு. சின்ன வயதிலும் வந்ததுண்டு, இப்படி வந்ததில்லை.

ஜூன் 30
குளிர் ஆகாதென்று அவர் சன்னலை அடைத்து நெருப்புச்சட்டியும் வைத்தார். பாவம், விடிய விடிய முதுகைத் தடவினார். நான் தேனுக்குள் அமிழ்ந்துகொண்டே போனேன். மேலே வர வழியில்லை. கனவுதானா?

ஜூலை 12, கோட்டாறு
அம்மா வீடு. மூச்சு தானாக வருகிறது. இத்தனை லேசா இது!

ஆகஸ்ட் 3, குலசேகரம்
வந்த அன்றே இழுப்பு. மாமி அவரிடம் சொன்னது கதவு வழியே கேட்டது: "அம்மை வீட்டுல ஓடியாடி நடக்கா, இங்க வந்தா மட்டும் மூச்சு முட்டுதாக்கும்? நடிப்பு! அங்கயே கொண்டு விட்டுரு மக்கா. இனி கூட்டிட்டு வரண்டாம்."
அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? கொன்னாலும் எனக்கு இப்படி நடிக்கத் தெரியாது.

ஆகஸ்ட் 19, மார்த்தாண்டம் ஆஸ்பத்திரி
உதடு நீலமாகிவிட்டதாம். எனக்கு நினைவில்லை. ஊசி போட்ட டாக்டர் அவரைக் கேட்டார், "படுக்கிற அறையில என்னவெல்லாம் இருக்கு?" அவர் கொடியில் தொங்கும் ஷீட்டுகளைச் சொன்னார். பூசணத் தூள் சிலர் நெஞ்சுக்கு ஆகவே ஆகாதாம். சாதாரண இழுப்பையும் உயிர்போகிற அளவுக்கு முற்றவைக்குமாம்.
நான் ஆசையாய்ப் பார்த்துக் கிடந்த அதுவா?

ஆகஸ்ட் 24, குலசேகரம்
கொடி காலி. சன்னல் திறந்திருக்கிறது. சுவரில் புதுச் சுண்ணாம்பு. வெறும் அறை. கொஞ்சம் அழுதேன்.

செப்டம்பர் 2
தோட்டத்து ஓரத்தில் புதுசாகப் போட்ட ஓலைச் சாய்ப்பில் மாமி தனியாக ஷீட் துடைத்துக்கொண்டிருந்தார். உதவப் போனேன்.
"ஏட்டி, அங்கயே நில்லு! காத்து உன் பக்கமாட்டு அடிக்கு."
வேலை முடிந்ததும் கிணற்றில் தலைமுழுகி, வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்தார். என் முதுகில் ஈரக் காதை வைத்தார்.
"மூச்சு விடு, கேப்போம்."
விட்டேன். மாமி காதை எடுக்கவில்லை.