ஜெயந்தியின் லேப்டாப்பும் என் இடறலும்

12 அக்டோபர் 2004, செவ்வாய், தொம்மலூர்

நாளை மதியத்துக்குள் என் மனைவி ஜெயந்தி தன் எம்.ஃபில். ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கடைசி அத்தியாயம் அவளுடைய பழைய லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. இன்று காலை அது ஆன் ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராகச் சார்ஜரில் போட்டுப் பார்த்தாள். வேறு வேறு பிளக்கில் செருகிப் பார்த்தாள். ஒரு விளக்கும் எரியவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று அவள் வீட்டில் இல்லாதபோது சார்ஜர் வயரில் கால் இடறி, லேப்டாப்பைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளியவன் நான். எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆபீசுக்கு லீவு போட்டு அவளோடு அடுகோடியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்தார்.

"சார்ஜர் நல்லாத்தான் இருக்கு மேடம். வயர் சொருகுற எடம் உள்ள உடைஞ்சி ஆடுது. யாராவது இழுத்துட்டாங்களா?"

"இல்லையே" என்றாள் ஜெயந்தி.

"நான்தான். நேத்து கால் தடுக்கிடுச்சு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "அண்ணா, உள்ள இருக்கிறதெல்லாம் கெடைக்குமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"மொதல்ல ஆன் ஆகட்டும் மேடம்."

உடைந்த இடத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. திரை எரிந்தது. அத்தியாயம் அப்படியே இருந்தது. அங்கேயே ஒரு சிடியில் போட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் வரும்போதுதான் வாயைத் திறந்தாள். "உடைச்சதுக்குக் கோவம் இல்லைங்க. காலைல நான் ஒவ்வொரு பிளக்கா மாத்திட்டு இருந்தப்போ, பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தீங்களே."

இப்போது உள்ளறையில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். மறுபடி எழுந்திருக்கிறேன்.