குடைக் காட்சியைக் கெடுத்தது யார்

அன்புள்ள என் எழுத்தாளர் மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அப்பாவின் முழங்கால் மூவரும் நலம், முழங்கால் மட்டும் காலையில் பஸ்ஸில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்கும்வரை கொஞ்சம் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் உன் கழுத்துவலியும் எப்படி இருக்கிறீர்கள்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார் என்று எத்தனை முறை சொல்வது, வளைந்து உட்கார்ந்து எழுதினால் கதையும் வளைந்துதான் போகும். சரி, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குற்றவாளி நான்தான். என்ன குற்றம் என்பது பின்னால் வருகிறது. குற்றவாளியை முன்னாலேயே சொல்லிவிட்டால்தான் படிப்பவர்களுக்குப் பதைபதைப்பு கூடும் என்று இந்த வாரம் கற்றுக்கொண்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நடுவில் நீ கத்துவாய், கடிதத்திடம் கத்தினால் அதற்குக் காது கேட்காது.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உன் நாவலைப் பற்றிப் பதிப்பகத்துக்கு வந்த வாசகர் கருத்துகளை வரிசையாக எழுதி அனுப்பியிருந்தாயே, ஒருவர் குடைக் காட்சி அழகு, ஆனால் கொஞ்சம் இழுவை என்கிறார், இன்னொருவர் குடைக் காட்சியில் மூச்சு விட மறந்தேன் என்கிறார், மூன்றாவது ஆள் இவ்வளவு குரூரமான காதல் காட்சியைப் படித்ததே இல்லை, எழுதிய கையை நினைத்தால் பயமாக இருக்கிறது என்கிறார். அதைப் படித்துவிட்டு, "நான் இதமா எழுதினதா நினைச்சேம்மா, பாதிப்பேர் பயந்து நடுங்குறாங்க, நான் என்ன எழுதினேன்னு எனக்கே தெரியலன்னா அடுத்தது எதுக்கு எழுதணும், ரெண்டாவது நாவலை மூடி வச்சுட்டேன்" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி, கண்டுபிடித்து, துடைத்து, படித்து, "எந்தப் பைத்தியக்காரன் பயந்தானாம், அந்தக் குடை சீன்ல எனக்குக் கல்யாணமான புதுசு ஞாபகம் வந்துச்சு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா, நம்ம மக எழுதின பொண்ணு ஒரு அயோக்கியன்கூட ஒரே குடைக்குள்ள இருட்டுச் சந்துல போறா, உங்களுக்குக் கல்யாணம் ஞாபகம் வருதா" என்றேன். "எந்த அயோக்கியன்? யாருன்னே இன்னும் சொல்லலையே" என்றார். "ஏன் சொல்லல, மருந்துக்கடைக்காரன்தான்னு அதுக்கு எவ்வளவோ முன்னாடியே வந்துடுச்சே" என்றேன். அவ்வளவுதான், மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பாதிதான் படித்திருந்தாராம், நான் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டேனாம், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் அமைதியாகத்தான் இருந்தது, அதை விடு. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நீ எங்களுக்கு அனுப்பச் சொன்ன பத்துப் புத்தகம் இரண்டு கட்டாக வந்ததே, அவர் ஒரு கட்டிலிருந்து எடுத்தார், நான் இன்னொரு கட்டிலிருந்து எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினேன். என்னுடையதில் 128ஆம் பக்கத்துக்கு அடுத்தது 177.

இனி குற்றம் நடந்த விதம். உன் புத்தகம் எங்கள் பைண்டிங் கடைக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை என்பது உனக்குத் தெரியும், என் மகள் புத்தகம் என் கையால்தான் சேர வேண்டும் என்று மேஸ்திரியிடம் அடம்பிடித்து வாங்கினேன். பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும், அதைத்தான் நாங்கள் ஒரு பாரம் என்போம், உன் புத்தகம் பதினான்கு பாரம். நீளமான மேசையில் ஒன்று முதல் பதினான்கு வரை அடுக்கி வைத்துவிட்டு, மேசையோரமாக நடந்துகொண்டே ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்று எடுத்துச் சேர்த்தால் ஒரு புத்தகம். காலையில் நான்தான் அடுக்கினேன். அடுக்கும்போது கண் சும்மா இருக்குமா? ஒன்பதாம் பாரத்தில் குடை வந்தது, நல்ல மழை, கண்ணாடிக்கடைப் பெண்ணை மருந்துக்கடைக்காரர் வீடுவரை கொண்டுபோய் விடுகிறார், என்ன பதவிசான மனிதர், இவருக்கே இவளைக் கட்டிக்கொடுத்துவிட்டால் என்ன, அந்தச் சிடுமூஞ்சி லிப்ட் மெக்கானிக் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் பாரத்தை அடுக்கோடு தூக்கினேன், மேல்தாளில் அதே மருந்துக்கடைக்காரர் பின்னறையில் உட்கார்ந்து இடக்கையால் அவளுக்கு மிரட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்! மடிப்பு மெஷின் அந்தப் பக்கம் கடகடவென்று ஓடுகிறது, நான் அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே படிக்கிறேன். மேஸ்திரி பின்னாலிருந்து "என்னக்கா, சாமான் தூக்கவா வந்தீங்க, பரீட்சைக்குப் படிக்கவா" என்றார். திடுக்கிட்டு அடுக்கைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்பதுதான் விஷயம். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு, படித்துவிட்டு ஓரமாக வைத்திருந்த ஒன்பது பன்னிரண்டின் இடத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதுக் கட்டுகளை வெண்கலம் பிரித்து எண் பார்த்து ஒழுங்காக அடுக்கினாள். (வெண்கலம் என்பது என்னோடு வேலை செய்கிறவள், வாயைத் திறந்தால் மெஷின் சத்தமே அடங்கிவிடும் என்பதால் அந்தப் பெயர்.) ஆக ஆயிரத்தில் முந்நூறு என் புத்தகம், எழுநூறு உன் புத்தகம். தைப்பதற்கு முன் முதுகுப்பக்கத்துக் கறுப்புக் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றனவா என்று ஒருவர் பார்க்க வேண்டும், படி தவறினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்த ஒருவரும் நான்தான். அன்றைக்கு என் கண்ணில் கோடா தெரிந்தது, இடக்கைதான் தெரிந்தது.

இப்போது புரிகிறதா? எழுநூறு பேருக்குக் குடை முதலில் வந்தது, இடக்கை பிறகு வந்தது. முந்நூறு பேர் இடக்கையைப் பார்த்துவிட்டு, ஐயோ அவளுக்கு இன்னும் தெரியாதே என்ற தவிப்போடு அந்தக் குடைக்குள் போனார்கள். அவர் "நனையாதே, பக்கத்தில் வா" என்கிறாரே, அதே வரிதான், ஒரு எழுத்து மாறவில்லை. நீ பைத்தியமும் இல்லை, வாசகர்களும் பைத்தியம் இல்லை. நான் சும்மா இருப்பேனா, தெருவில் யார் யாரிடம் எந்தப் புத்தகம் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டேன். கணக்கு டீச்சரிடம் இருந்தது என் புத்தகம். பக்க எண்ணைக் கவனித்த ஒரே ஆள் அவர்தான், "128க்கு அப்புறம் 177 ஏன்னு ஒரு வாரமா வழி போட்டுப் பாத்தேன், அதுல ஏதோ துப்பு ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சேன்" என்றார். வாக்கியங்கள் மூன்று இடத்தில் பாதியில் அறுந்து தொங்குகின்றனவே என்றேன், "இந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுறாங்களாம்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். வெண்கலத்திடம் உன் புத்தகம், அவளுக்கு மெக்கானிக்தான் உயிர், "அவன் லிப்ட்டை நிறுத்தி வச்சுக்கிட்டு ஸாரி கேக்குறானே, என் வீட்டுக்காரர் மாடிப்படிலகூட கேட்டதில்ல" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். பாவம், நம் தெரு மருந்துக்கடைக்காரர்தான். அவர் கையிலும் என் புத்தகம் அகப்பட்டுவிட்டது. "உங்க பொண்ணுக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன், சின்ன வயசுல இருமல் மருந்து குடுத்ததா" என்று கேட்டார். இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தெரியும்படி வலக்கையை நன்றாக நீட்டித்தான் பில் எழுதுகிறார். போன செவ்வாய் மழையில் டீச்சருக்குக் குடை நீட்டினாராம், டீச்சர் "நனைஞ்சாலே உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தாராம்.

மேஸ்திரியிடம் நேற்று ஒப்புக்கொண்டேன். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்பு, அதையும் வெளியாள் புத்தகத்துல வைக்காம சொந்தப் பொண்ணு புத்தகத்துல வச்சீங்களே, நல்ல மனசுக்கா" என்றார். அவரே பதிப்பாளருக்கும் சொல்லிவிட்டார். பதிப்பாளர் முதலில் தலையில் கை வைத்தாராம், பிறகு அந்த முந்நூறில் ஒன்றை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு, இரண்டாம் பதிப்பு எந்த வரிசையில் என்று எழுதினவங்களே சொல்லட்டும் என்றாராம். ஆகவே நீ சொல்ல வேண்டும். உன் வரிசைதான் என்றால் ஒரு வேலையும் இல்லை, நான் கண்ணைத் திறந்து வைத்து அடுக்கினால் போதும். என் வரிசை என்றால் சும்மா மாற்றி வைத்தால் ஆகாது, பக்க எண் மாற வேண்டும், அறுந்து தொங்கும் மூன்று இடத்தையும் நீ உட்கார்ந்து எழுதித் தைக்க வேண்டும். ஒரு இடம் தானாகவே ஒட்டிக்கொண்டது தெரியுமா? 128 "அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது" என்று நிற்கிறது, 177 "மருந்துக்கடையின் பின்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது" என்று தொடங்குகிறது. உன் எழுத்து வெட்டிப் போட்டாலும் ஒட்டிக்கொள்கிற எழுத்து, இதை நான் பைண்டிங் கடைக்காரியாகச் சொல்கிறேன்.

"அம்மா, உனக்கு எது பிடித்தது" என்று கேட்பாய். நம் வீட்டில் இரண்டையும் படித்த ஒரே ஆள் நான், சொல்ல மாட்டேன், சொன்னால் அதன்படி செய்வாய், அப்புறம் அடுத்த புத்தகத்துக்கும் என்னையே கேட்பாய். ஆனால் வாசகர் கருத்துகளை எழுதி வைத்திருக்கிறாயே, அந்தத் தாளில் கடைசியாக ஒன்றைச் சேர்த்துக்கொள். இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேர் எழுதியது இந்தக் கை வழியாகப் போயிருக்கிறது, காதல், கொலை, கணக்குப் பாடம், சட்டம், எதற்கும் ஒரு தாள் இடம் மாறியதில்லை. உன் பன்னிரண்டாம் பாரத்தைப் படித்த அன்றைக்குத்தான் மாறியது. இதைவிட வேறு கருத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மூடி வைத்த நாவலைத் திற. அதில் வில்லன் யார் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, எனக்கு முன்னால் தெரிந்துகொண்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. வியாழக்கிழமைக்குள் போன் செய், அதுவரை மேசை காலியாகத்தான் இருக்கும். நீ தொட்டதெல்லாம் துலங்கி, நூறு வருஷம் நன்றாக இரு.

குற்றத்தை ஒப்புக்கொண்ட,
அம்மா

பி.கு.: மருந்துக்கடைக்காரர் அடுத்த புத்தகத்தில் ஒரு நல்ல மருந்துக்கடைக்காரர் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.