கூடை பேசிய பின்னேரம்

இன்று காலை கடையின் மேல்தட்டிலிருந்து கூடையை இறக்கினேன். காய்ந்த தேயிலைக் கொழுந்தின் வாசம் குப்பென்று வந்தது. நீ போன பிறகு நான் தொடாத கூடை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் உன் அம்மா என்னை நிறுத்தி, "அந்தக் கூடைய ஒரு தடவ பேச வைக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

கொழும்பில் கலை படித்து முடித்து நீ மஸ்கெலியாவுக்குத் திரும்பி வந்து, சத்தத்தை வைத்து ஒரு சிற்பம் செய்யப் போவதாகச் சொன்னபோது, உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது முதல் பிடியைக் கூடையில் போட்டு, கூடை நிறையச் சாமியை வேண்டி "பொலி, பொலி" என்பார்களே, அந்தக் குரல்களைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிந்து வந்தாய். போன் திருத்துகிற என் தலையில் மீதி வேலையைக் கட்டினாய். கூடையின் அடியில் ஒரு தகடு. அதில் கை பட்டிருக்கும்வரை குரல்கள் ஒவ்வொன்றாக வரும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

இதற்குள் சாமி எங்கே இருக்கிறது, பேட்டரிதானே இருக்கிறது என்று கிண்டல் செய்தேன். உனக்குக் கோபம் வரவில்லை.

"அடுத்த கொரலு வருமான்னு கைய எடுக்காம நிப்பாங்கள்ல மச்சான், அதுவும் கும்புடுறதுதான்" என்றாய்.

தோட்டத்து மண்டபத்தில் கூடையைத் தொங்கவிட்ட அன்று மழை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றினார்கள். உள்ளே கையை விடுங்கள் என்று நீ சொன்னாய். முன்னால் நின்ற அக்கா தயங்கினார். "வெறுங்கைய எப்புடிங்க தம்பி கூடைக்குள்ள விடுறது?" என்று கேட்டுவிட்டு, வெளியே போய் ஒரு பிடி கொழுந்து கிள்ளிக்கொண்டு வந்து போட்டார். பிறகு எல்லாரும் அப்படியே. நனைந்த கொழுந்து தகட்டில் ஒட்டிக்கொண்டது. அந்த ஈரமும் தகட்டுக்குக் கைதான். கையை எடுத்தும் சத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு குரலாக ஓடிக் கடைசியில் ஓர் ஆண் குரல் வந்தது. உன் குரல்! அதை நீ சேர்த்தது எனக்கே தெரியாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தும் ஒரு நாள்கூட மலையேறிக் கொழுந்தெடுக்காத நீ, திரும்பத் திரும்பப் பொலி சொல்லிக்கொண்டிருந்தாய். மண்டபமே சிரித்தது. உனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் ஒயரைப் பிடுங்க ஓடினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"விடு மச்சான். அவங்க போட்டத நாம எடுக்க வேணாம்."

அதனால்தான் அந்தக் கொழுந்தை நாம் கொட்டவேயில்லை. கூடையிலேயே காய்ந்தது. அடுத்த மழைக்கு முன் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

பின்னேரம் உன் அம்மா கடைக்கு வந்தார். சேலைத் தலைப்பில் ஈரக் கொழுந்து. சிலுவை போட்டுக்கொண்டு, கொழுந்தோடு கையை உள்ளே விட்டார். குரல்கள் வந்தன. அவருடைய குரலே இடையில் வந்தபோது லேசாகச் சிரித்தார். பிறகு நீ வந்தாய். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தொண்ட கட்டியிருக்கு புள்ளைக்கு" என்றார்.

எனக்கு உன்னைத் தேடுகிறதடா. அவர் முன்னால் அழக்கூடாது என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எதையோ திருகிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. அம்மா கையை எடுக்க மனமில்லாமல் நின்றார். எடுத்தால் நீ நின்றுவிடுவாய் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் வெடுக்கென்று எடுத்து, காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வாசலில் கையை இறக்கினார். திரும்பிப் பார்த்தார்.

நீ நிற்கவில்லை. கொழுந்து ஈரம்.

பழக்கத்தில் என் கை ஒயருக்குப் போனது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துக்கொண்டேன். அவர் பஸ்ஸில் ஏறினார்.

கடையைப் பூட்டுகிற நேரம் தாண்டிவிட்டது. இதை எழுதிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கொழுந்து காயும்வரை நீ சொல்லு.