நூற்றிப்பத்தாவது படி

அயனம்பாக்கம்
14.09.2025

பவ்யாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமா என்று கேட்கவும் மனசு வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் வந்தால் உன் அப்பா திருமுருகன், சம்பந்தி என்ற மரியாதைகூட இல்லாமல் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்புகிறார். அதனால்தான் உன் நாத்தனார் சிம்ரனுடைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

என் பிள்ளை கிஷோர் போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

வைகாசியில் உங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். ஆடி பிறந்ததும் உங்கள் வீட்டார் சீர் கொண்டுவந்து உன்னை மாங்காட்டுக்கு அழைத்துப்போனார்கள். புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் ஒரு மாதம் பிரிந்திருப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதானே. உங்களுக்குப் பொறுக்கவில்லை. அவன் என்னிடம் பெங்களூரில் கம்பெனி டிரெயினிங் என்றான். நீ உன் அம்மாவிடம், தோழி கஸ்தூரிக்கு மதுரையில் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறேன் என்றாய். கடைசியில் பார்த்தால் அந்தமானில் ஒரு சின்னத் தீவு, அதில் வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம். ஆடிப் பதினெட்டுக்கு நான் இங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. யாரோ இந்தியில் பேசினார்கள். சிம்ரன் வாங்கிக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டு அஞ்சலை, "ஆடில புருசன இஸ்துகினு போனா இன்னா ஆவும்? அவனையே முழுங்கிட்டா" என்றாள். நானும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல். அவன் ஏன் அந்தப் படியில் ஏறினான்? பெற்றவளுக்கு அது தெரிந்தாகவேண்டும்.

சாவித்திரி


மாங்காடு
21.09.2025

அத்தைக்கு பவ்யா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அப்பாவுக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொய் சொல்லிவிட்டுப் போனது உண்மை. டிக்கெட் போட்டது அவர், தீவைப் பிடித்தது நான். நூற்றைம்பது வருஷத்துக் கலங்கரை விளக்கம், உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற இரும்புப் படி, உச்சியில் நின்றால் நாலு பக்கமும் கடல். வீடியோவில் பார்த்துவிட்டு நான்தான் நச்சரித்தேன்.

நீங்கள் கேட்டதை மறைக்காமல் சொல்கிறேன். என் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

வாசலுக்குப் போனதும் அவர், "நீ போய் பாத்துகினு வா, நான் இங்கயே குந்திகினு கீறேன்" என்றார். என்னைச் சிரிக்கவைக்க அப்படித்தான் பேசுவார். நான் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தது வாசலில் உட்காரவா என்று கேட்டேன். "சரியான பயந்தாங்கொள்ளி" என்றேன், அத்தை. பக்கத்தில் நின்ற குடும்பமும் சிரித்தது. அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. ஏறினார்.

நான் படிகளை எண்ணிக்கொண்டே முன்னால் போனேன். நூற்றிப்பத்தாவது படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. "ஒண்ணிமில்ல, நீ போய்கினே இரு, பின்னாலயே வரேன்" என்றார். நானும் போய்விட்டேன். உச்சியில் நின்று கடலைப் பார்த்தேன். போட்டோ எடுத்தேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று கீழே பார்த்துக் கத்தினேன். பதினைந்து நிமிஷம் இருக்கும். இறங்கி வந்தபோது அவருக்கு நினைவில்லை.

படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இவருக்கு இதயத்தில் முன்பே ஏதாவது இருந்ததா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். ஒன்றுமில்லை, தினமும் ஒரு சத்து மாத்திரை போடுவார், அவ்வளவுதான் என்றேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று.

தெருவில் நீங்கள் சொல்வது சரிதான். ஆடி என்ன செய்யும், நான்தான் ஏற்றிக் கொன்றேன். அவர் அங்கே உட்கார்ந்து தவித்தபோது நான் கடலை வேடிக்கை பார்த்தேன். இனிமேல் எதற்கு இருக்கவேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

பவ்யா


அயனம்பாக்கம்
02.10.2025

என் கண்ணு பவ்யாவுக்கு,

நீ கடைசியாக எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே அம்மா. நீ கொல்லவில்லை. முழுசாகப் படி.

எட்டாவது படிக்கும்போது கிஷோர் விளையாட்டுப் பீரியடில் மயங்கி விழுந்தான். இதயத்துச் சதை தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஓடக்கூடாது, உயரம் ஏறக்கூடாது, ஆயுசுக்கும் மாத்திரை. அவன் அப்பா நடேசன், பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவர், நாற்பத்தொரு வயதில் நின்ற இடத்திலேயே சரிந்தாரே, அது எதனால் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நீ பார்த்த சத்து மாத்திரை அதுதான். டப்பாவை மாற்றி வைத்தவள் நான். பெண் பார்க்க வரும் முன்னால் அவன், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாம்மா" என்றான். "இன்னாத்துக்குச் சொல்ணும்? சொன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டேன். ஒரு குழந்தை பிறக்கிறவரை வாய் திறக்கமாட்டேன் என்று உங்கள் மாங்காட்டுக் காமாட்சி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யவைத்தேன். பயந்தாங்கொள்ளி என்று நீ சொன்னபோது அவன் உண்மையைச் சொல்லியிருப்பான். என் சத்தியம்தான் அவன் வாயைக் கட்டிப்போட்டது.

இவ்வளவும் தெரிந்தே தெருவில் உன் பேரைக் கெடுத்தேன். பழி உன்மேல் இருக்கிறவரை என்மேல் வராது என்று இருந்துவிட்டேன். நான் பாவி.

இன்னொன்று, உன் காலில் விழுந்து கேட்கிறேன். சாவு விழுந்த வீட்டில் வருஷத்துக்குள் கல்யாணம் செய்யாவிட்டால் மூன்று வருஷம் தள்ளிப்போகும் என்கிறார்கள். சிம்ரனுக்கு ஆவடியில் ஒரு இடம் கூடிவந்திருக்கிறது. தையில் கல்யாணம். அவளுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் அன்றைக்கே சொன்னார். எடுக்கவில்லை. அவள் ஓடியாடி நன்றாகத்தானே இருக்கிறாள். எடுத்து ஏதாவது இருந்து வெளியே தெரிந்தால் அவளை யார் கட்டுவார்கள்? அவளுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் திடீரென்று போய்விட்டான் என்றுதான் நினைக்கிறாள். படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. இருக்கிற ஒன்றையாவது நான் கரையேற்ற வேண்டும்.

உன் அத்தை
சாவித்திரி


மாங்காடு
12.10.2025

சாவித்திரி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

என்னிடம் சொல்லியிருந்தால் அந்த வாசலில் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த டாக்டரிடமும் மாத்திரையின் பெயரைச் சொல்லியிருப்பேன். தெரிந்திருந்தால் கட்டிக்கொண்டிருப்பேனா என்று ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டிக்கொண்டிருப்பேன். நீங்கள்தான் என்னைக் கேட்கவே இல்லை.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அம்பத்தூரில் சிம்ரன் வேலை செய்கிற கம்பெனி வாசலில் காத்திருந்து அவள் கையில் கொடுத்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே படித்தாள். "எங்கம்மா கையெழுத்துதான் அண்ணி" என்றாள். அப்புறம் மூன்று பஸ் வந்து போயிற்று, அவள் ஏறவில்லை.

மறுநாள் பூந்தமல்லியில் ஸ்கேன் எடுத்தோம். அவளுக்கும் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. இத்தனை வருஷம் மாத்திரை இல்லாமல் எப்படி ஓடினாய் என்று டாக்டர் அவளையே கேட்டார். குழந்தை பெறுவதெல்லாம் நன்றாக யோசித்துச் செய்யவேண்டிய காரியம் என்றார். ஆவடிக்கு அவளே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோழி வீட்டில் தங்கியிருப்பதாக அவள் உங்களிடம் சொன்னது பொய். வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் அப்பாதான் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

அஞ்சலையிடம் போய் என்னைப் பற்றி எதையும் திருத்திச் சொல்லவேண்டாம். அந்தத் தெருவுக்கு நான் வரப்போவதில்லை. உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. மேலே நின்று போட்டோ எடுத்த என்னையும் முடியவில்லை. எனக்கு இனிமேல் எழுதாதீர்கள்.

சிம்ரன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு நீயும் இரண்டு வரி எழுது என்று இந்தத் தாளையும் பேனாவையும் கொடுத்தேன். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பவ்யா