கத்தரித்த படம்

அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

உலகப் போட்டியில நான் மல்லாந்து தோத்த படத்தை எங்க கல்லூரி மல்யுத்தக் கூடத்தில பெரிசா மாட்டியிருக்காங்க. என்மேல கிடந்தவனை நீ கத்தரியால வெட்டி எடுத்துட்டு வீட்டில மாட்டினியே, அதே படம்தான். இங்க முழுசா இருக்கு. பசங்க என் மூக்கைத் தொட்டுட்டுத்தான் களத்தில இறங்கறாங்க. "சாரோட தோல்வி சாரோடயே போகட்டும்"னு ஒருத்தன் கும்பிடு வேற போடறான். கோச்சா இருந்தா சிரிச்சுத்தானே ஆகணும்?

மேல கிடந்த அதே ஆள்தான் திங்கட்கிழமையிலிருந்து இங்க தலைமைக் கோச். என்னை மல்லாத்தின அந்தப் பிடியை முதல் நாளே செஞ்சு காட்டச் சொல்லிப் பசங்க கேட்டிருக்காங்க. அவரும் சரின்னுட்டார்.

கழுத்து வலிக்கு நான் போட்டிருந்த பழைய பட்டையை உடனே அனுப்பும்மா. கீழே படுக்க என்னைத்தான் சொல்லியிருக்காங்க.

மணி அடிச்சாச்சு, வர்றேன்.
உன் மகன்